யார் கையில் கோப்பு?

என் மாணவர்களுக்கு நான் கிட் (Git) என்ற கருவியை முதலில் காட்டுவதில்லை. மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்ட்டுக்குக் குழு பிரித்து முடித்ததும், ஆய்வகத்து மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் உபுண்டு சர்வரில் ஆளுக்கொரு கணக்குத் திறந்து கொடுத்து, ஆர்சிஎஸ் என்ற மென்பொருளின் முன்னால் உட்கார வைக்கிறேன். 1980-களின் தொடக்கத்தில் எழுதப்பட்டது அது. இன்றைக்கும் ஒற்றைக் கட்டளையில் நிறுவிவிடலாம், காசும் கிடையாது. “கார் ஓட்டக் கத்துக்க வந்த பசங்களை மாட்டு வண்டியில ஏத்துறீங்களே மேடம்” என்று பக்கத்து அறை சார் கேலி செய்வார். செய்யட்டும். அந்த வண்டியில் ஒரு வாரம் குலுங்கியவர்களுக்குத்தான் கார் எதற்காக வந்தது என்று புரிகிறது.

நான் வேலை பார்ப்பது தென்மாவட்டத்துப் பாலிடெக்னிக் ஒன்றின் கணினித் துறையில். பத்தாம் வகுப்பு முடித்து நேராக வருகிறவர்கள், பிளஸ் டூவோ ஐடிஐயோ முடித்து இரண்டாம் ஆண்டில் சேர்கிறவர்கள் என்று கலவையான வகுப்பு. பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்தவர்கள். படித்து முடித்து மென்பொருள் வேலைக்குப் போகிறவர்களிடம் முதல் நாளே ஒப்படைக்கப்படுவது, யார் யாரோ பல வருடம் எழுதிவைத்த நிரல். அதில் ஒரு மூலையைத் தொட்டுத் திருத்த வேண்டும். அதே நேரத்தில் வேறு பலரும் வேறு மூலைகளைத் திருத்திக்கொண்டிருப்பார்கள். எந்த வரியை யார், எப்போது, ஏன் மாற்றினார் என்று கணக்கு வைப்பதும், பலர் செய்த மாற்றங்களை ஒன்று சேர்ப்பதும்தான் வெர்ஷன் கண்ட்ரோல். இந்தத் தொழிலின் ஐம்பது ஆண்டு வரலாற்றை நான் ஒரே கேள்வியாகத்தான் பார்க்கிறேன்: ஒருவர் கையில் கோப்பு இருக்கும்போது மற்றவர் என்ன செய்வது? அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் ஒவ்வொரு பதில் சொன்னது. எல்லாவற்றையும்விட முக்கியமான பதில் ஒரு வாத்தியாரிடமிருந்து வந்தது என்பதில் எனக்குத் தனிப்பட்ட சந்தோஷம் உண்டு.

ஆரம்பத்தில் இந்தக் கணக்கை மனிதர்களேதான் வைத்தார்கள். நிரல்கள் துளையட்டைகளில் இருந்த காலம்; ஓர் அட்டைக்கு 80 கட்டங்கள், ஓர் அட்டை ஒரு வரி. அதில் 73 முதல் 80 வரையிலான கட்டங்களில் வரிசை எண் குத்திவைப்பது வழக்கம். அட்டைக்கட்டு கைதவறிச் சிதறினால் மறுபடி அடுக்க அந்த எண்தான் துணை. அதற்குச் சோம்பல்பட்டவர்கள் கட்டின் மேல்விளிம்பில் பேனாவால் ஒரு சாய்கோடு இழுத்துவிடுவார்கள். கோடு உடைந்து தெரிந்தால் ஏதோ ஓர் அட்டை இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

1970-ஐ ஒட்டிய வருடங்களில், நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பழைய செய்திகளைக் கணினியில் தேடித்தரும் அமைப்பு ஒன்றை ஐபிஎம் கட்டிக்கொடுத்தது. ஹார்லன் மில்ஸ் வகுத்த முறைப்படி, டெர்ரி பேக்கர் தலைமையில் சின்னக் குழு அதை எழுதியது. 22 மாதங்களில் ஏறத்தாழ 83,000 வரிகள். அந்தக் குழுவில் நிரல் எழுதாத ஆள் ஒருவர் உண்டு. பதவிப் பெயர் நூலகர். எல்லார் நிரலும் அவர் வழியாகத்தான் கணினிக்குள் போகும். ஒவ்வொரு முறை ஓட்டிய அச்சுப் பிரதியும் அவரிடம்தான் சேரும். எந்த நிரலும் எழுதியவரின் மேசை டிராயரில் தனிச்சொத்தாகக் கிடக்கக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது.

என் ஆய்வகத்திலும் குழுவுக்கு ஒரு நூலகர் இருக்கிறார், அநேகமாக ஒரு மாணவி. பென் டிரைவ் அவளிடம் இருக்கும். மற்றவர்கள் ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸாப்பில் அனுப்பும் ஜிப் கோப்புகளைப் பிரித்து, வெட்டி ஒட்டி, ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘ஃபைனல் லேட்டஸ்ட் ஓகே’ என்று பெயர்வைத்து அடுக்குவாள். பேக்கரின் குழுவில் அது சம்பளத்தோடு கூடிய பொறுப்பு. இங்கே நாலு பேருக்கும் ஒரே மார்க். அவள் பட்ட பாடு ரெக்கார்டு நோட்டில் எங்கும் பதியாது.

நூலகரின் வேலையை இயந்திரத்திடம் கொடுத்தவர் பெல் ஆய்வகத்தின் மார்க் ரோச்கைண்ட். 1972-ல் ஐபிஎம் 370 கணினியில், ஸ்னோபால் மொழியில் எஸ்சிசிஎஸ் என்ற அமைப்பை எழுதினார். கொஞ்ச நாளிலேயே அது சி மொழியில் திருப்பி எழுதப்பட்டு, பிடிபி-11 கணினியில் யூனிக்ஸுக்குள் குடிபெயர்ந்தது. 1975 டிசம்பரில் ஐஈஈஈ ஆய்விதழில் அவர் கட்டுரை வெளியானது. நமக்கும் இதில் ஒரு தூரத்து உறவு உண்டு: அதே 370 குடும்பத்தைச் சேர்ந்த கணினி ஒன்று 1973-ல் ஜெர்மானிய உதவியோடு சென்னை ஐஐடிக்கு வந்தது. அட்டைக்கட்டோடு அதன் வாசலில் வரிசையில் நின்றவர்கள்தான் நம் ஊரின் முதல் தலைமுறை நிரலாளர்களில் பலர்.

எஸ்சிசிஎஸ்ஸின் யோசனை எளிமையானது. கோப்பு மாறும்போதெல்லாம் முழுக்கோப்பையும் நகலெடுக்காதே. மாறிய வரிகளை மட்டும் எழுதிவை. யார் மாற்றினார், எந்தத் தேதியில் என்பதையும் சேர்த்து வை. மாற்றத்தை ஒப்படைக்கும்போது, என்ன குறிப்பு எழுதட்டும் என்று அது கேட்கும். எதற்காக மாற்றினாய் என்று நிரலாளரை இயந்திரம் கேட்பது அங்கே தொடங்கியது. என் மாணவர்கள் இந்தக் கேள்விக்கு எழுதும் பதில்களில் முதலிடம் ‘அப்டேட்டட்’டுக்கு, இரண்டாமிடம் ‘ஓகே’வுக்கு. ‘ஆசைப்பட்டதால்’ என்று எழுதியவனும் உண்டு. அதிலாவது ஒரு காரணம் இருந்தது.

சுமார் பத்தாண்டு கழித்து, பர்டியூ பல்கலைக்கழகத்தில் இருந்த வால்டர் டிச்சி ஆர்சிஎஸ்ஸை எழுதினார். ஆட்கள் அதிகம் கேட்பது கடைசிப் பதிப்பைத்தான் என்பதைக் கவனித்தவர் அவர். ஆகவே கடைசிப் பதிப்பை முழுசாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிப் போவதற்கான வித்தியாசங்களை மட்டும் சேமித்தார். நேற்றையது வேண்டுமென்றால் ஒரு படி பின்னால் போகவேண்டும், போன வருடத்தது வேண்டுமென்றால் பல படி. இரண்டு கோப்புகளுக்கு இடையே வித்தியாசம் காணும் டிஃப் நிரலை டக்ளஸ் மெக்கில்ராயும் ஜேம்ஸ் ஹண்ட்டும் ஏற்கெனவே செய்து வைத்திருந்தார்கள். 1974-ல் யூனிக்ஸின் ஐந்தாம் பதிப்போடு அது வெளியில் வந்தது. பின்னால் வந்த எல்லாக் கருவிகளும் அந்த டிஃப்பின் தோளில் நின்றவைதான்.

கோப்பு யார் கையில் என்ற கேள்விக்கு எஸ்சிசிஎஸ்ஸும் ஆர்சிஎஸ்ஸும் சொன்ன பதில் பூட்டு. திருத்த நினைப்பவர் கோப்பைப் பூட்டோடு எடுக்கவேண்டும். அவர் திருப்பி ஒப்படைக்கும்வரை மற்றவர்கள் அதைப் படிக்கலாம், கைவைக்க முடியாது.

இதை வகுப்பில் வரைபடம் போட்டு விளக்கினால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். செய்துபார்த்தால் மறக்காது. முதல் அரைமணி நேரத்திலேயே அலறல் கேட்கும்: “மேடம், ஃபைலையே காணோம்!” கோப்பை உள்ளே ஒப்படைத்தவுடன் வெளியில் இருக்கும் வேலைநகலை ஆர்சிஎஸ் அழித்துவிடும், அதன் வழக்கம் அது. ஒப்படைத்தது உள்ளே பத்திரமாக இருக்கிறது, கேட்டு வாங்கு என்று சொன்னபிறகுதான் மூச்சு வரும். கையில் இருப்பது நகல், மூலம் இருக்குமிடம் வேறு என்ற பாடம் அந்தப் பயத்திலேயே முடிந்துவிடுகிறது.

இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ அடுத்த புகார் வரும். “மேடம், அவன் லாகின் பேஜை லாக் பண்ணிட்டுத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிட்டான். போனும் எடுக்க மாட்டேங்கிறான்.” இதற்காகத்தான் நான் காத்திருப்பேன். பூட்டை உடைக்க ஆர்சிஎஸ்ஸில் வழி இருக்கிறது. ஆனால் சும்மா உடைக்க விடாது. ஏன் உடைக்கிறாய் என்று கேட்டு, எழுதும் பதிலைப் பூட்டியவருக்கே மின்னஞ்சலில் அனுப்பிவைக்கும். ஒருத்தர் பொருளைத் தொட்டால் சொல்லிவிட்டுத் தொடு என்கிற மரியாதையை ஒரு கட்டளைக்குள் வைத்துத் தைத்திருக்கிறார்கள். எங்கள் சர்வரில் மெயில் வசதி இல்லை. அதனால் காரணத்தைக் கரும்பலகையில் எழுதச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பலகை நிரம்பிவிடும். ‘பஸ்ஸுக்கு நேரமாச்சு, ஃபைலை விடலை’, ‘சாப்பிடப் போனவன் வரலை’, ‘லாக் பண்ணினது அவன்தான், ஆனா அவன் ஒண்ணும் மாத்தலை.’ பூட்டினால் என்ன கஷ்டம் என்பதைப் பற்றி நான் எழுதக்கூடிய எந்தக் குறிப்பையும்விட அந்தப் பலகை தெளிவாக இருக்கும்.

இப்போது ஆம்ஸ்டர்டாமுக்குப் போகலாம். 1984 ஜூலையில், அங்குள்ள வ்ரைய பல்கலைக்கழகத்தில் டிக் குரூனே என்ற கணினி ஆசிரியரும் அவருடைய இரண்டு மாணவர்களும் ஒரு சி கம்பைலர் எழுதத் தொடங்கினார்கள். ஆம்ஸ்டர்டாம் கம்பைலர் கிட் (Kit) என்ற பெரிய தொகுப்புக்காகச் செய்த வேலை. சிக்கல் கம்பைலரில் இல்லை, கடிகாரத்தில் இருந்தது. ஒரு மாணவர் காலை ஒன்பதுக்கு வந்து ஐந்துக்குப் போகிறவர். இன்னொருவர் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. குரூனேவுக்கோ மற்ற வேலைகள் முடிந்து சாயங்காலம்தான் இதற்கு நேரம். இதையெல்லாம் பிற்பாடு அவரே எழுதி வைத்திருக்கிறார். மூவருக்கும் பொதுவான நேரம் அமையாதபோது பூட்டுமுறை என்ன பாடு படுத்தியிருக்கும் என்பதை, கரும்பலகையைப் பார்த்த என் மாணவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

குரூனே ஆர்சிஎஸ்ஸைத் தூக்கி எறியவில்லை. அதன்மேல் சில ஷெல் ஸ்கிரிப்ட்டுகளை எழுதி, பூட்டை மட்டும் கழற்றினார். ஒவ்வொருவரும் மொத்த நிரலையும் தனக்கென்று ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாம், இஷ்டப்பட்ட நேரத்தில் திருத்தலாம், முடிந்ததும் பொது இடத்தில் சேர்க்கலாம். அதற்குள் வேறொருவர் எதையாவது சேர்த்திருந்தால் முதலில் அதை வாங்கித் தன் நகலோடு இணைத்துக்கொள்ள வேண்டும். இணைப்பது எப்படி? இருவரும் எந்தப் பதிப்பிலிருந்து பிரிந்தார்களோ அதை நடுவில் வைத்து, அதற்குப்பிறகு இவர் என்ன மாற்றினார், அவர் என்ன மாற்றினார் என்று பார்ப்பது. வெவ்வேறு இடங்களில் கைவைத்திருந்தால் இரண்டு மாற்றத்தையும் இயந்திரமே ஏற்றுக்கொள்ளும். ஒரே இடத்தில் இருவரும் கைவைத்திருந்தால் அது தீர்ப்புச் சொல்லாது. இரண்டு வடிவங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோப்பிலேயே போட்டு, மேலும் கீழும் நடுவிலும் அடையாளக் கோடு கிழித்து, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்று விட்டுவிடும்.

இதுதான் சிவிஎஸ். 1986-ல் யூஸ்நெட் வழியாக குரூனே அதை உலகத்துக்குக் கொடுத்தார். 1989-ல் பிரையன் பெர்லினர் சி மொழியில் புதிதாக எழுதினார். அடுத்த பத்துப் பதினைந்து வருடம் கட்டற்ற மென்பொருள் உலகம் பெரும்பாலும் அதில்தான் ஓடியது. 1995-ல் ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத் திட்டத்தினர் தங்கள் சிவிஎஸ் களஞ்சியத்தை யார் வேண்டுமானாலும் இணையம் வழியே பார்க்கும்படி திறந்துவிட்டார்கள். முடிந்துபோன வெளியீட்டை மட்டும் பார்த்துவந்த வெளியாட்களுக்கு, அது உருவாகும் விதமும் கண்ணுக்குத் தெரிந்தது. ஊரில் உட்கார்ந்தபடியே ஒரு மாணவன் தேர்ந்த நிரலாளரின் அன்றாட வேலையைப் படிக்கலாம் என்பது தொழிற்கல்விக்குச் சின்ன விஷயம் கிடையாது.

நான் இந்தக் கதையில் பிடித்துக்கொள்வது ஒரு விஷயத்தை. சிவிஎஸ் ஒரு கம்பெனியின் உற்பத்தித்திறனுக்காகப் பிறக்கவில்லை. சேர்ந்து உட்கார நேரமில்லாத ஒரு வாத்தியாரும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து எழுதுவதற்காகப் பிறந்தது. என் வகுப்பில் ஒருவன் சாயங்காலம் மெடிக்கல் ஷாப்பில் நிற்கிறான். ஒருத்திக்குக் கடைசி பஸ் ஐந்தேகாலுக்கு. ஒருவன் கேட்டரிங் வேலைக்குப் போய்விட்டு விடியற்காலையில் தூங்குகிறவன். முகூர்த்த மாதம் வந்தால் அவனைக் கண்ணால் பார்க்க முடியாது. குரூனேவின் குழு எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

ஆர்சிஎஸ் வாரம் முடிந்ததும் சிவிஎஸ்ஸைக் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு கிட்டுக்குப் போய்விடுகிறேன். இடையில் வந்த சப்வெர்ஷனை ஒரு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிடுவேன். 2000-ல் தொடங்கி 2004-ல் முதல் முழுப்பதிப்பு கண்ட அது, சிவிஎஸ்ஸின் குறைகளைத் தீர்க்க வந்த நல்ல பிள்ளை. கோப்புக்குப் பெயர் மாற்றினாலும் வரலாறு தொலையாது. பல கோப்புகளின் மாற்றம் மொத்தமாகச் சேரும், இல்லாவிட்டால் மொத்தமாகச் சேராது. ஆனால் பொதுக் களஞ்சியம் ஒரே இடத்தில் ஒரே சர்வரில் என்ற அடிப்படையை அது மாற்றவில்லை.

அதை மாற்றிய கதை லினக்ஸிலிருந்து வருகிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸைத் தொடங்கியபிறகு வெகுகாலம் எந்தக் கருவியையும் ஏற்கவில்லை. ஆட்கள் டிஃப்பில் எடுத்த வித்தியாசங்களை மின்னஞ்சலில் அனுப்புவார்கள். லேரி வால் 1985-ல் எழுதிய பேட்ச் நிரலைக் கொண்டு அவர் அதைத் தன் நகலில் ஒட்டிக்கொள்வார். சிவிஎஸ்ஸை அவருக்கு அறவே பிடிக்காது. 2002-ல் லேரி மெக்வாயின் பிட்கீப்பர் என்ற வணிக மென்பொருளுக்கு மாறினார். லினக்ஸ்காரர்களுக்கு நிபந்தனையோடு இலவசம். சாம்பா மென்பொருள் புகழ் ஆண்ட்ரூ ட்ரிஜெல் பிட்கீப்பர் சர்வரோடு பேசக்கூடிய தனி நிரல் ஒன்றைச் செய்யப்போக, சச்சரவு முற்றி, 2005 ஏப்ரலில் இலவச ஏற்பாடு முடிவுக்கு வந்தது. டோர்வால்ட்ஸ் ஏப்ரல் 3-ல் தானே ஒன்றை எழுத உட்கார்ந்தார். ஏப்ரல் 7-ல் கிட்டின் நிரலே கிட்டுக்குள் வைத்துப் பராமரிக்கப்பட்டது. ஜூனில் லினக்ஸ் 2.6.12 கிட்டிலிருந்து வெளிவந்தது. ஜூலையில் பொறுப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்துவிட்டு அவர் தன் பழைய வேலைக்குத் திரும்பினார்.

இந்த இரண்டு கதைகளுக்கும் நடுவே ஒரு நூல் ஓடுகிறது. அதைச் சொல்லும்போது கடைசி பெஞ்ச் வரை நிமிர்ந்து உட்காரும். குரூனே வேலை பார்த்த அதே பல்கலைக்கழகத்தில்தான் ஆண்ட்ரூ டானன்பாம் மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காக மினிக்ஸ் என்ற சிறிய இயங்குதளத்தை எழுதி 1987-ல் வெளியிட்டார். அதன் சி கம்பைலர் ஆம்ஸ்டர்டாம் கம்பைலர் கிட்டிலிருந்து வந்தது. ஹெல்சிங்கியில் கல்லூரி மாணவராக இருந்த டோர்வால்ட்ஸ் தன் கணினியில் அந்த மினிக்ஸை வாங்கிப் போட்டுத்தான் லினக்ஸை எழுத ஆரம்பித்தார். ஆக, பாடம் நடத்தச் செய்த ஒரு பொருளிலிருந்து லினக்ஸும், மாணவரோடு சேர்ந்து எழுதச் செய்த ஒரு பொருளுக்கு எதிர்வினையாக கிட்டும் வந்தன. இரண்டுக்கும் வேர் ஒரே கல்லூரி வளாகத்தில்.

கிட்டில் ஒவ்வொருவரிடமும் மொத்த வரலாறும் இருக்கும். இணையம் இல்லாமலே கமிட் செய்யலாம், அதாவது மாற்றத்தைப் பதிந்துவைக்கலாம், பழைய பதிப்பைப் பார்க்கலாம், புதுக் கிளை பிரித்து முயற்சி செய்யலாம். லினக்ஸ் மாதிரி உலகம் முழுக்கப் பரவிய குழுவுக்காக வகுத்த இந்த ஏற்பாடு, டவர் கிடைக்காத ஊர்களிலிருந்து வரும் என் பிள்ளைகளுக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. 2011-ல் தொடங்கிய அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனுக்குக் கிடைத்த பழைய லேப்டாப்பில், ராத்திரி வீட்டில் கமிட் செய்து, காலையில் ஆய்வகத்து நெட்வொர்க்கில் பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பி, அதாவது புஷ் செய்துவிடுகிறாள் ஒருத்தி. எங்கள் ஆய்வகத்தில் பொதுக் களஞ்சியம் அந்த உபுண்டு சர்வரிலேயே இருக்கிறது. இணையம் போனாலும் பிராக்டிகல் நிற்காது.

கருவி நன்றாக இருந்தாலும் ஆய்வகம் ஆய்வகம்தான். ஒரே கணினியில் காலை ஷிஃப்ட் மாணவன் தன் பெயரைப் பதித்துவிட்டுப் போயிருப்பான். மாலை வந்தவள் செய்யும் கமிட்டெல்லாம் அவன் பெயரில் விழும். நீ சொல்லும் பெயரை கிட் அப்படியே நம்பும். அடையாள அட்டை கேட்காது. விண்டோஸ் கணினிகளில், கிட் களஞ்சியங்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் முந்தையவருக்கு இருக்கும் கணக்கு உள்ளே பதிந்திருந்தால் புஷ்ஷும் அவர் கணக்கிலேயே போகும். 2021 ஆகஸ்ட் முதல் புஷ் செய்யும்போது கிட்ஹப் கடவுச்சொல்லை ஏற்பதில்லை, டோக்கன் மாதிரி வேறு ஒன்று வேண்டும். டோக்கன் என்ற அந்த நீள எழுத்துச்சரத்தை எங்கே வைப்பது என்று கேட்டால், வாட்ஸாப் குழுவில் வைத்திருக்கிறோம் என்பார்கள். அதனால் கிட்டின் முதல் வகுப்பே பெயர்ப்பதிவும் ரகசியமும் என்று வைத்துக்கொண்டேன்.

2008-ல் கிட்ஹப் வந்தபிறகு இந்தத் தொழில் பொதுவெளிக்கு வந்துவிட்டது. முன்பின் தெரியாதவரின் திட்டத்தை நகலெடுத்துத் திருத்தி, இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று புல் ரிக்வெஸ்ட் அனுப்பலாம். மாணவனுக்கு இது பெரிய வாசல். அந்த வாசலில் நெரிசலும் வந்தது. 2014-ல் தொடங்கிய ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்ச்சியில், அந்த நாட்களில், அக்டோபர் மாதம் நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட் தந்தார்கள். 2020-ல் அந்தச் சட்டைக்காக வந்து குவிந்த வெற்றுத் திருத்தங்களில், ஒரு சொல்லை மாற்றுவதும் ஒரு வரியைச் சேர்ப்பதுமான திருத்தங்களில், களஞ்சியங்களைப் பராமரிப்பவர்கள் திணறிப்போனார்கள். மாதம் பிறந்த சில நாட்களிலேயே, சம்மதம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் சேரும் என்று விதி மாறியது. அனுப்பியவர்களில் நம் நாட்டு மாணவர்கள் நிறைய. 2024-ன் தொடக்கத்திலும் எக்ஸ்பிரஸ் என்ற புகழ்பெற்ற திட்டத்தின் முகப்புக் கோப்பில் தங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி வரிசையாகக் கோரிக்கைகள் வந்தன. பயிற்சிக் காணொளி ஒன்றில் அந்தத் திட்டத்தை எடுத்துக்காட்டாகக் காட்டியிருந்தார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொத்தானை எப்படி அழுத்துவது என்று சொல்லிக்கொடுத்தோம். மறுமுனையில் ஒரு மனிதர் உட்கார்ந்து அதைப் படிக்கிறார் என்று சொல்லிக்கொடுக்கவில்லை. பூட்டை உடைக்கும் முன் காரணம் கேட்ட ஆர்சிஎஸ்ஸுக்கு அது தெரிந்திருந்தது.

ஆசிரியர்கள் நாங்களும் இந்தக் கருவியை வேறொரு விதத்தில் திரித்துவிட்டோம். ஊருக்கு ஊர் ப்ராஜெக்ட் சென்டர்கள் இருக்கின்றன. பணம் கட்டினால் நிரல், ரிப்போர்ட், பவர்பாயின்ட் எல்லாம் கிடைக்கும். கிட் வந்ததும், இனி ஏமாற்ற முடியாது என்று பல கல்லூரிகளில் ஆசிரியர்கள் மகிழ்ந்தார்கள். கமிட் வரலாற்றைப் பார்த்தால் யார் எழுதினார் என்று தெரிந்துவிடுமே. சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தின இரவு ஒரே கமிட்டில் மொத்த ப்ராஜெக்ட்டும் வந்து விழுந்தால் விஷயம் புரிந்துவிடும். ஆனால் கமிட்டின் தேதியை விருப்பம்போல் வைக்கலாம் என்பதை மாணவர்கள் நமக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டார்கள். வாரத்துக்கு மூன்று கமிட் என்று விதி போட்டால், ஒரு காலி வரியைச் சேர்த்து ஒரு கமிட், அதை நீக்கி ஒரு கமிட். ஒரே நேரத்தில் வந்து உட்காரவேண்டிய கட்டாயத்திலிருந்து விடுவிக்கப் பிறந்த கருவி, எங்கள் கையில் வருகைப் பதிவேடாகிவிட்டது.

நான் மார்க் போடும் இடத்தை மாற்றிக்கொண்டேன். கமிட் எண்ணிக்கைக்கு மார்க் இல்லை. ஒவ்வொரு குழுவும் குறைந்தது ஒரு மோதலைச் சந்தித்தாக வேண்டும். தானாக வராவிட்டால் நானே ஏற்பாடு செய்வேன்: கல்லூரிப் பேருந்துக் கட்டண ப்ராஜெக்ட்டில், ஒருத்தியிடம் தாமதக் கட்டணத்தை நாள் கணக்கில் போடச் சொல்வேன், இன்னொருவனிடம் அதே ஃபங்ஷனில் மாதக் கணக்கில் போடச் சொல்வேன். இணைக்கும்போது கிட் நின்றுவிடும். சிவிஎஸ் காலத்திலிருந்து வரும் அதே அடையாளக் கோடுகள் திரையில் வந்து நிற்கும். சிலர் அந்தக் கோடுகளையும் சேர்த்தே கமிட் செய்துவிட்டு, ஜாவா ஏன் திட்டுகிறது என்று கேட்பார்கள். சிலர் தன்னுடையதை வைத்துக்கொண்டு மற்றதை அழிப்பார்கள். அப்புறம்தான் சத்தம்: “டேய், நான் எழுதினதை ஏன்டா தூக்கின?” அந்தச் சத்தத்துக்கு அரைமணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். நாள் கணக்கு சரியா, மாதக் கணக்கு சரியா என்பதை கிட் சொல்லாது, நானும் சொல்வதில்லை. பேருந்துப் பொறுப்பாளரிடம் போய்க் கேட்டுவரவேண்டும், பேசி முடிவெடுக்கவேண்டும், அந்த முடிவைக் கமிட் குறிப்பில் ஒரு வாக்கியமாக எழுதவேண்டும். தமிழில் எழுதலாம். ‘ஓகே’ என்று மட்டும் எழுதக்கூடாது.

வைவாவிலும் இதையே கேட்கச் சொல்லி எக்ஸ்டர்னலாக வருகிறவர்களிடம் வேண்டிக்கொள்கிறேன். கிட் மெர்ஜுக்கும் ரீபேஸுக்கும் என்ன வித்தியாசம் என்ற கேள்விக்கு மனப்பாடப் பதில் வந்துவிடும். உன் குழுவில் யார் எழுதிய வரியை நீ மாற்றினாய், அவர் ஏன் ஒத்துக்கொண்டார் என்று கேட்டால், சேர்ந்து வேலை செய்தவர்கள் சிரித்துக்கொண்டே கதை சொல்ல ஆரம்பிப்பார்கள். விலைக்கு வாங்கியவர்கள் விட்டத்தைப் பார்ப்பார்கள்.

இந்த முறைக்கு எதிர்ப்பும் இருக்கிறது, அதுவும் நன்றாக நிரல் எழுதும் மாணவர்களிடமிருந்து. “தனியா விட்டா ரெண்டு நாள்ல முடிச்சிடுவேன் மேடம். இவங்களோட மெர்ஜ் பண்ணியே ஒரு வாரம் போகுது.” முடிப்பான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. குரூனேவும் அந்த இரண்டு மாணவர்களைக் காட்டிலும் வேகமாகக் கம்பைலர் எழுதக்கூடியவராகத்தான் இருந்திருப்பார். தன் நேரத்துக்கு அவர்களை வரச்சொல்லும் அதிகாரமும் வாத்தியாருக்கு இருந்திருக்கும். அவர் அப்படிச் செய்யாமல் ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்ததால்தான் மூவரும் அவரவர் நேரத்தில் எழுத முடிந்தது. 1985 ஆகஸ்ட் வரை அந்த வேலை அப்படித்தான் நடந்தது. முறையிட வரும் கெட்டிக்காரனுக்கு இதைச் சொல்லிவிட்டு, அவன் குழுவிலேயே மெதுவாக எழுதும் ஆளின் பெயரைச் சொல்லி, இனி உன் கமிட்டெல்லாம் அவர் படித்து ஒப்புக்கொண்டபிறகுதான் சேரும் என்று விதி போடுகிறேன். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டுதான் போவான். ஆனால் அடுத்த வாரம் அவன் எழுதும் குறிப்புகள் நீளமாகின்றன. அடுத்தவருக்குப் புரிகிற மாதிரி ஃபங்ஷனுக்குப் பெயர்வைக்க ஆரம்பிக்கிறான். வேலைக்குப் போனால் அவனிடம் முதலில் எதிர்பார்ப்பது அதைத்தான்.